காந்தாரம் தாழ்ந்தது, நீ தாழவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் வயலின் வடிவிலேயே ஒரு கட்டடம் நிற்கிறது, சௌடையா நினைவு அரங்கம். பார்த்திருப்பீர்கள். அந்த சௌடையா, நான்கு தந்தி வயலினில் இன்னும் மூன்று தந்திகளைச் சேர்த்து வாசித்தவர். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. பின்வரிசைவரை நாதம் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றபோது நாதத்துக்கு வழி தேடினார். ‘எனக்குத் தகுதியில்லை’ என்று வில்லைக் கீழே வைத்துவிடவில்லை.

என்னிடம் வயலின் கற்க வரும் பலர், முக்கியமாக நன்றாக வாசிக்கக்கூடியவர்கள், வில்லைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு பெண். ராத்திரி வேலை முடிந்துதான் சாதகம், அதாவது இசைப் பயிற்சி. வாசிப்பதை எல்லாம் கைபேசியில் பதிவுசெய்வாள். வர்ணம் என்கிற பயிற்சி உருப்படியில் ஓர் இடம் சுருதி விலகினால் மறுபடி பல்லவியிலிருந்து தொடங்குவாள். பதிவைக் கேட்டால் அவள் காதில் ராகம் விழாது, பிழை மட்டும்தான் விழும். தோள் இறுகியது. வில் நடுங்கியது. ஒரு கட்டத்தில் வயலின் பெட்டியைத் திறப்பதே நின்றுபோனது. வீட்டில் சோம்பல் என்றார்கள். அது பயம்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், விரல் நடுங்கும். வேறு வேலையில் அந்த நடுக்கம் வெளியே தெரியாமல் போகலாம். வயலினில் நடுக்கம் அப்படியே தந்தியில் கேட்கும். கேட்டதும் பயம் இரட்டிக்கும்.

உலகப் புகழ்பெற்ற பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1953இல் மேடையை விட்டு விலகி, 12 ஆண்டுகள் பொதுக் கச்சேரியே செய்யவில்லை. 1965இல் நியூயார்க் கார்னகி ஹாலில் திரும்பி வந்து வாசித்தபோது, எடுத்த எடுப்பிலேயே தப்பான சுரம் விழுந்தது. தொடர்ந்து வாசித்தார். ஆனால் அப்போது வெளியான இசைத்தட்டில் அந்தப் பிழைகளைத் திருத்திவிட்டார்கள். திருத்தாத பதிவு வெளிவந்தது 2003இல்தான். நம் பிள்ளைகள் தங்கள் சாதகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது இப்படித் திருத்திய பதிவுகளோடு. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பெண்ணை நான் வயலின் எடுக்கச் சொல்லவில்லை. சுருதிப் பெட்டியைப் போட்டு ஸட்ஜத்தில், அதாவது ‘ஸ’ சுரத்தில், அகாரம் மட்டும், வெறும் ‘ஆ’ என்று நீட்டிப் பாடச் சொன்னேன். பதிவு கிடையாது, பாட்டு கிடையாது. நீண்ட ‘ஆ’வில் மூச்சு மெதுவாக வெளியேறும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. நம் குருமார்கள் விடியற்காலை அகார சாதகம் வைத்ததில் எவ்வளவு கருணை இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மார்கழியில் பஜனைக்கும் அழைத்துப் போனேன். ஜால்ரா, ஹார்மோனியம், பக்கத்தில் ஒரு பாட்டி சுருதியைப் பற்றிக் கவலையே இல்லாமல் உரக்கப் பாடுகிறார். அந்தக் கூட்டத்தில் யாருடைய குரலையும் யாரும் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே பாடினாள்.

தரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சாதகத்தில் நான் கண்டிப்பானவள்தான். ஆனால் ‘காந்தாரம், அந்த “க” சுரம், கொஞ்சம் தாழ்ந்திருக்கு, விரலை ஏத்து’ என்பது ஒரு திருத்தம். ‘உனக்குக் காதே இல்லை’ என்பது ஓர் அடி. முதலாவதைக் கேட்ட பிள்ளை விரலை நகர்த்தும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளைக்கு எதை நகர்த்துவது என்று தெரியாது. பெற்றோர்களே, ஆசிரியர்களே, தயவுசெய்து சுரத்தைத் திருத்துங்கள், பிள்ளையை விட்டுவிடுங்கள்.

மேடைப் பயத்துக்கு மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. இதயத்துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் போன்றவற்றை நண்பர் சொன்னார் என்று விழுங்காதீர்கள்; ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் போய், வாழ்வதே பாரமாகத் தோன்றினால் அகாரம் மட்டும் போதாது. டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அந்தப் பெண் மறுபடி வாசிக்கிறாள். போன நவராத்திரியில் அடுக்குமாடிக் குடியிருப்புக் கொலுவில் அதே வர்ணம். அதே இடத்தில் மறுபடி விலகியது; நிறுத்தாமல் சரணத்துக்குப் போய்விட்டாள்.