சீனரும் கூலி, நாமும் கூலி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போனால் தப்பாகப் போய்விடும் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டேன்.

நேயர் ஒருவர் கேட்கிறார்: "மலேசியாவுக்குச் சீனரும் கூலியாகத்தான் வந்தார்கள், நம் ஆட்களும் கூலியாகத்தான் வந்தார்கள். இரண்டு பேரையும் கொண்டுவந்தது வெள்ளைக்காரன். அவர்கள் கடை, கம்பெனி என்று போய்விட்டார்கள். நாம் பின்னாலேயே நிற்கிறோம். அவர்களுக்குச் சேமிக்கத் தெரியும், நாம் குடித்தே அழித்தோம் என்று என் அப்பா சொல்வார். அது உண்மையா?"

உங்கள் அப்பா மட்டும் இல்லை, என் பெரியப்பாவும் இதையேதான் சொல்வார். கல்யாண வீட்டில் நாலு பெரியவர்கள் சேர்ந்தால் பேச்சு இங்கே வந்து நிற்கும்.

சரி, முதலில் கணக்கு. 2019-இல் அரசு எடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் சீனக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 9,895 ரிங்கிட், இந்தியக் குடும்பத்துக்கு 8,216, பூமிபுத்ரா (மலாய்க்காரரும் மற்ற பூர்வகுடியினரும்) குடும்பத்துக்கு 7,093. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் இதே சராசரி சீனருக்கு 394, இந்தியருக்கு 304, மலாய்க்காரருக்கு 172. அதாவது அன்றைக்கு நம் வீட்டில் 100 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வந்தால் சீனர் வீட்டில் ஏறக்குறைய 130 வெள்ளி வந்தது. 2019-இல் அது 120. இடைவெளி இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. வருமான வரிசையில் நாம் கடைசியிலும் இல்லை. இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பெரிய வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மாத வருமானத்தை விட்டுவிட்டு, யார் கையில் சொத்து இருக்கிறது என்று பாருங்கள். 1970-இல் நாட்டின் கம்பெனிப் பங்குகளில் 63.4 விழுக்காடு வெளிநாட்டார் கையில் இருந்தது. சீனரிடம் 27.2, மலாய்க்காரரிடம் 2.4. இந்தியரிடம்? 1.1. தீபகற்பத்தில் பத்துப் பேரில் ஒருவர் இந்தியராக இருந்த காலம் அது. மலாய்க்காரரை முன்னேற்ற அரசு கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கை 1971-இல் தொடங்கி 1990-இல் முடிந்தபோது சீனரின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நம்முடையது 1 விழுக்காடு. இருபது வருடம் ஓடி, நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறோம்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். இரண்டு பேரும் சம்பாதித்தார்கள். ஒருவருடைய சம்பாத்தியம் ஏன் சொத்தாக மாறியது, இன்னொருவருடையது ஏன் மாறவில்லை?

கேள்வியில் ஒரு சின்னத் தவறும் இருக்கிறது, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. சீனர்களில் பெரும்பாலோரைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் இல்லை, சீன முதலாளிகளும் தரகர்களும்தான். தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் பக்கத்து ஈயச் சுரங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் சீனர் கையில் இருந்தன. கப்பல் கட்டணத்தைக் கடனாக எழுதிக்கொண்டு ஆளைக் கொண்டுவருவார்கள். கடன் தீரும்வரை அவன் அடிமை மாதிரிதான். சுரங்க முதலாளியே அரிசி விற்பார், அபின் விற்பார், சூதாட்டக் கூடமும் நடத்துவார். கூலியாகக் கொடுத்த காசு சுற்றி அவரிடமே திரும்பிவிடும்.

அபினைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், 'குடித்தே அழித்தோம்' என்பதற்காக. வெள்ளைக்காரன் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) அரசு வருமானத்தில் பாதிக்கு அருகில், அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டதிலிருந்து வந்த காலம் உண்டு. அதைப் புகைத்தது யார்? சீனக் கூலிகள். நம் ஆட்களுக்குத் தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடை. இரண்டுக்கும் அனுமதி கொடுத்தது ஒரே அரசுதான். போதைதான் காரணம் என்றால் சீனர் நமக்கு முன்பே அழிந்திருக்க வேண்டும்.

வித்தியாசம் கடன் தீர்ந்த பிறகு வந்தது. சுரங்கத்தில் இருந்த சீனனுக்குக் கடன் தீர்ந்தால் பக்கத்திலேயே பட்டணம். அங்கே தன் மொழிக்காரன் கடை வைத்திருப்பான். ஹொக்கியன், ஹக்கா, காண்டனீஸ் என்று அவரவருக்குச் சங்கம். கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, பத்து வருடத்தில் தனியாகப் போக ஒரு வழி இருந்தது. எல்லோரும் போய்விடவில்லை, எத்தனையோ பேர் சுரங்கத்திலேயே செத்தார்கள். ஆனால் வழி என்று ஒன்று இருந்தது.

நம் ஆளைக் கூட்டிவந்தவர் கங்காணி. ஊருக்குப் போய், தெரிந்த குடும்பங்களாகப் பார்த்து அழைத்து வருவார். வேலைக்கு வருகிற ஆள் ஒன்றுக்கு இத்தனை காசு என்று அவருக்குக் கிடைக்கும். வந்து இறங்கிய இடம் ரப்பர் தோட்டம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு தோட்டத்தினுடையது, கோயில் இருக்கும் நிலமும் பள்ளிக்கூடமும் தோட்டத்தினுடையது. மாலையில் கள்ளுக்கடை, அதுவும் தோட்டத்துக்குள். பட்டணம் பல மைல் தள்ளி. பாட்டன், அப்பன், மகன் என்று மூன்று தலைமுறை ஒரே லயத்தில் இருந்துவிட்டு, வேலையை விட்டு நின்றதும் வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் எத்தனை!

கூலியிலும் இது தெரிந்தது. சீனத் தொழிலாளி குத்தகைக்காரர் (ஒப்பந்தக்காரர்) மூலம் வருவான், கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு வேலைக்குப் போய்விடுவான். அதனால் ஒரே தோட்டத்தில் அவனுக்கு அதிகக் கூலி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒன்று. கள்ளுக்கடைகளை மூடு என்பது இன்னொன்று. தமிழன் தானே கேட்டான், கள்ளுக்கடையை மூடச் சொல்லி! துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியுமுன் மரத்தடியில் நிற்பார், வெட்டி முடித்து மங்கு மங்காகப் பாலை எடுத்து ஸ்டோரில் கொண்டுபோய் நிறுப்பார். சாமான் வாங்குவது தோட்டத்துக்கு வெளியே இருந்த சீனர் கடையில். கையில் '555' என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டு. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த நோட்டைத் தெரியும். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும், சம்பள நாளில் கணக்குத் தீர்ப்போம். தீர்ப்போம் என்றா சொன்னேன்? கொஞ்சம் கட்டிவிட்டு மறுபடி தொடங்குவோம். நோட்டை எடுத்துக்கொண்டு போவது என் வேலை. கடைக்காரர் என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

பெரியவனான பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்தக் கடைக்காரர் கையிலும் ஒரு நோட்டு இருந்தது. ஈப்போவில் இருந்த மொத்த வியாபாரியிடம் அவரும் கடனுக்குத்தான் சரக்கு எடுத்தார். மொத்த வியாபாரி அவருடைய மொழிக்காரர், ஒரே சங்கத்தில் உறுப்பினர். பாட்டியின் கடன் சோறாகி அன்றைக்கே தீர்ந்துபோனது. அவருடைய கடன் சரக்காக அலமாரியில் இருந்தது, விற்றால் லாபம், லாபத்தில் அடுத்த மூட்டை. பாட்டி அவரைவிட அதிகாலையில் எழுந்தவர், அவரைவிடச் சிக்கனமானவர். ஆனால் பாட்டிக்கு யாரும் ஒரு மூட்டை அரிசியைக் கடனாகக் கொடுத்து 'விற்றுவிட்டு வா' என்று சொல்லவில்லை.

'நம்மிடம் செட்டியார்கள் இருந்தார்களே' என்று கேட்பீர்கள். இருந்தார்கள், நிறைய பணத்தோடு இருந்தார்கள். பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூரில் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்தார்கள். அவர்கள் கடன் கொடுத்தது சீன வியாபாரிக்கும் சுரங்கக்காரருக்கும் நிலம் வைத்திருந்த மலாய்க்காரருக்கும். லயத்தில் இருந்தவனிடம் அடகு வைக்க என்ன இருந்தது? சாதியும் குறுக்கே நின்றது, அதை மறைத்துப் பேச வேண்டாம். மொழி ஒன்றுதான், ஆனால் அந்தப் பணம் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. சீனரிடம் மேலே இருந்தவருக்கும் கீழே இருந்தவருக்கும் நடுவில் ஒரு ஏணி இருந்தது. நம்மிடம் மேலே ஒருவர், கீழே ஒருவர், நடுவில் ஏணி இல்லை.

இதனால்தான் 'இந்தியர்' என்று ஒரே எண் போட்டால் எனக்குச் சிரிப்பு வரும். 2024-இல் காலமான ஆனந்த கிருஷ்ணன் நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். இலங்கைத் தமிழர் ஆங்கிலம் படித்துக் கிராணியாகவும் (எழுத்தர்) ரயில்வே உத்தியோகத்திலும் வந்தவர்கள். அவர்களையும் பால் வெட்டியவர் பேரனையும் கூட்டி வகுத்தால் வருகிற சராசரியில் இரண்டு பேருமே இருக்க மாட்டார்கள்.

சீனர் பக்கத்திலும் அப்படித்தான். 1950-இலிருந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் தள்ளினார்கள். ஏழைகள்தான். தோட்டத் தமிழனை ஒப்பிட வேண்டுமானால் இவர்களோடு ஒப்பிடுங்கள், பெரும் பணக்காரர் ராபர்ட் குவோக்கோடு ஒப்பிடாதீர்கள். ஆனால் அங்கேயும் ஒரு விஷயம் நடந்தது. புதுக்கிராமத்துக்காரருக்குச் சாலையோரத்தில் ஒரு துண்டு மனை கிடைத்தது, பின்னால் பலருக்குக் குத்தகைப் பட்டாவும் வந்தது. பட்டணம் பெருகி வந்து அந்த மனையைத் தொட்டபோது விலை ஏறியது அவருக்கு. இன்றைக்கு சுபாங் ஜெயா என்று சொல்கிறோமே, கோலாலம்பூருக்குப் பக்கத்துப் பட்டணம், அது அந்தக் காலத்தில் சீஃபீல்ட் தோட்டம். அங்கே நிலத்தின் விலை எவ்வளவு ஏறியிருக்கும்! பால் வெட்டியவருக்கு அதில் ஒரு அடி நிலமும் சொந்தமாக இருந்ததில்லை.

புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக இடமும் அரசு வேலையும் சுருங்கியது இரண்டு இனத்துக்கும்தான். சீனப் பையனுக்கு மாமா கடை இருந்தது, சீனத் தனியார் இடைநிலைப் பள்ளிகளும் இருந்தன. நம்மில் பலர் நம்பியிருந்தது ரயில்வேயையும் பொதுப்பணியையும். தமிழ்ப்பள்ளியோ ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும்.

சேமிப்புக்கு வருவோம், உங்கள் அப்பா சொன்னது அதுதானே. ஐம்பதுகளின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அப்போது இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது, தோட்டங்களை வாங்கியும் காட்டியது. என்னைக் கேட்டால் நம் வரலாற்றிலேயே உருப்படியான பொருளாதார வேலை அதுதான். அப்புறம் 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ், இந்தியர்களிடம் பங்கு விற்று ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனம். சுமார் 66,000 பேர் சேர்ந்து 106 மில்லியன் ரிங்கிட் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. 2010-இல் வேறொரு நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொண்டபோது, ஒரு வெள்ளி போட்டவர் 28 வருடம் கழித்து 80 காசோடு வீட்டுக்குப் போனார். யார் தப்பு என்பதற்குத் தனி வீடியோவே போட வேண்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரைப் பாருங்கள். அதே இரண்டு இனம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சீனக் குடும்பங்களைவிட அதிகம். அங்கே இருக்கிற தமிழனுக்குத் திடீரென்று சேமிக்கத் தெரிந்துவிட்டதா? இல்லை. படித்த, நல்ல சம்பளக்காரர்கள் இந்தியாவிலிருந்து புதிதாகக் குடியேறினார்கள், எண் மாறிவிட்டது. யார் வந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதைத்தான் இந்த எண்கள் பாதிக்கு மேல் சொல்கின்றன.

அதனால் இன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: உங்களிடமோ தாத்தாவிடமோ மைக்கா பங்குப் பத்திரம் இருந்ததா என்று. உங்கள் குடும்பம் தோட்டத்தில் இருந்ததென்றால் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இருந்ததென்றால், அந்தப் பணத்தை எங்கிருந்து புரட்டினார்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.