சுற்றிய சக்கரம்

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரத்துக்கு முந்தின கடலோர ஊரான மண்டபத்தில் குடியிருப்பவனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாசலில் நிறுத்திய புது சைக்கிளின் ஸ்போக்ஸ் கம்பி ஒரு மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான்.

இவ்வளவும் தெரிந்த நான், குளியலறைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போர் தண்ணீர்தானே, காவிரித் தண்ணீர் இல்லையே என்ற அலட்சியம். நொடிக்கு ஒரு சொட்டு. மருந்துக்குச் சொல்லும் கணக்குப்படி 20 சொட்டு ஒரு மில்லி என்றால், நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். எட்டு மாதத்தில் ஆயிரம் லிட்டர்; மாடியில் இருக்கும் டேங்கின் அளவு. குழாய்க்குக் கீழே தரையில் உப்பு வெள்ளையாகப் படிந்து சின்ன மேடே ஆகிவிட்டது.

வாஷர் மாற்றினால் போதும், இதற்கு எதற்கு ஆள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பைப் ரெஞ்சோடு இறங்கினேன். முதலில் மாடிக்குப் போய், டேங்க் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடினேன். சக்கரத்தைச் சுற்றினால் தண்டு ஒரு சின்னக் கதவை இறக்கிக் குழாயை அடைக்கும். வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் தொடாத வால்வு. கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் சக்கரம் வழுவழுவென்று சுற்றியது. மூடிவிட்டது என்று இறங்கி வந்தேன். கீழே குழாயைத் திறந்து பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. உள்ளே தண்டு அறுந்து, கதவு திறந்தபடியே நின்றிருக்கிறது.

குழாயின் தலை இறுகிப்போய்த் திருக வரவில்லை. ரெஞ்சில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். குழாய் மொத்தமாகக் கையோடு வந்தது, மரை சுவருக்குள் தங்கிவிட்டது. அடுத்த நொடி முகத்தில் தண்ணீர். பழைய துண்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, டேங்க் காலியாகும் வரை நின்றேன். “ஏங்க, கட்டில் வரைக்கும் வந்துடுச்சு” என்று மனைவி சொன்னபோது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

பிளம்பர் தம்பி வந்து ஆக்சா பிளேடைப் பாதியாக உடைத்து, சுவருக்குள் மாட்டிய மரையில் இரண்டு கீறல் போட்டு, உளியால் உள்பக்கம் மடக்கி எடுத்தார். ஐந்து நிமிட வேலை. எடுத்ததை என் கையில் வைத்து, “பாருங்க சார், பித்தளை மாதிரியா இருக்கு?” என்றார். மஞ்சளே இல்லை, செம்பு நிறம், நகத்தால் கீறினால் உதிர்ந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் உருவிக்கொண்டு போக, மிஞ்சுவது சல்லடையான செம்பு. எட்டு மாதத்துக்கு முன்பே ஆள் வைத்து மாற்றியிருந்தாலும் இது உடைந்திருக்கும், ஆனால் வால்வைச் சோதித்துவிட்டு அவர் உடைத்திருப்பார்.

மேலே இப்போது பிளாஸ்டிக் பால் வால்வு. வெள்ளிக்கிழமை தோறும் ஏறி, அதை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு வருகிறேன். கீழே மனைவி குளித்துக்கொண்டிருந்தால் மட்டும் வசவு மாடி வரை கேட்கிறது.