420க்கு 1: பார்பரா லீயின் முழுக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. அடுத்த முறை கலிபோர்னியாவிலுள்ள எங்கள் ஓக்லண்டு நகரசபையின் வரவுசெலவுத் திட்டத்தை வரி வரியாக வாசிப்போம் என்று சென்ற காணொளியின் முடிவில் உங்களிடம் சொல்லியிருந்தேன். இன்று அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. காரணம் என் நாத்தனார். இரவு பதினொரு மணிக்கு அவர் அனுப்பிய நாற்பது வினாடிக் குறுங்காணொளி ஒன்று என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. எங்கள் ஊரின் இப்போதைய மேயர் பார்பரா லீ 2001இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது போருக்கு எதிராகத் தனியொருவராக வாக்களித்தார் என்றும், வாக்களித்த கையோடு கூட்டத்துக்குப் பயந்து தொலைபேசிக் கூண்டுக்குள் ஒளிந்துகொண்டார் என்றும், அத்துடன் அவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்தது என்றும் அதில் ஒருவர் பின்னணி இசையுடன் உருகிக்கொண்டிருந்தார். முதல் தகவல் சரி. மற்ற இரண்டும் வேறொரு பெண்மணியின் கதை.

தொலைபேசிக் கூண்டுக்குள் போனவர் மொன்டானா மாநிலத்தின் ஜெனெட் ரான்கின். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். 1917இல் முதல் உலகப் போரில் இறங்குவதற்கு எதிராக வாக்களித்த ஐம்பது பேரில் அவரும் ஒருவர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பான்மீது போர் அறிவிக்கும் தீர்மானம் 388க்கு 1 என்று நிறைவேறியபோது அந்த ஒன்றும் அவர்தான். மறுதேர்தலில் அவர் நிற்கவில்லை. ஆனால் லீ 2002இல் மறுபடியும் நின்றார். 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றார். 2025 ஜனவரி வரை காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இருந்தார். இருவரையும் ஒரே பெண்ணாக்கி உலவவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. என் சிவப்புப் பென்சிலைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

ஆகவே மூலப் பதிவேட்டுக்கே போனேன். பிரதிநிதிகள் சபையின் எழுத்தர் அலுவலகம் ஒவ்வொரு பெயர்வாரி வாக்கெடுப்பையும் எண்ணிட்டு வெளியிடுகிறது. 2001 செப்டம்பர் 14ஆம் நாள் வாக்கெடுப்பின் எண் 342. திரையில் வாசிக்க எனக்குப் பிடிக்காது என்பதால் அதை அச்சிட எங்கள் தெருமுனைக் கடைக்குச் சென்றேன். ஒரு பக்கத்துக்கு 35 சென்ட் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இரண்டு பக்கங்களை வாங்கி, 70 சென்ட் கொடுத்து, வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால், ஆம் என்றவர்களின் பெயர்கள்தாம் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. பட்டியல் முடியும் இடத்தில் தாளும் முடிந்துவிட்டது. இயந்திரத்தில் தாள் தீர்ந்து மூன்றாம் பக்கம் வெளிவரவே இல்லையாம். அதை எவரும் என்னிடம் சொல்லவில்லை. நான் தேடிப்போன ஒரே பெயர் அந்த மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறது! மறுபடியும் வண்டியை எடுத்து, நிறுத்துமிடத்துக்கு இரண்டு டாலர் அழுது, மேலும் 35 சென்ட் கொடுத்து அதை வாங்கி வந்தேன். இதோ பாருங்கள், கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். ஆம், 420. இல்லை, 1. அதன் கீழே ஒரே ஒரு சொல்: லீ. வாக்களிக்காதவர்கள் 10 பேர். ஆக, இந்த ஒற்றைச் சொல் எனக்கு இரண்டு டாலர் 35 சென்ட் செலவு வைத்தது. கடைக்காரர் மன்னிப்பும் கேட்கவில்லை என்பதைப் பதிவுசெய்துவிட்டு மேலே செல்கிறேன்.

அந்தத் தீர்மானத்தில் அவர் எதை மறுத்தார் என்பதைப் பார்ப்போம். அதன் உயிர்நாடியான வாசகம் ஆங்கிலத்தில் வெறும் 60 சொற்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், அனுமதித்தவர்கள், நடத்தியவர்கள், அதற்கு உதவியவர்கள், அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தவர்கள் என்று குடியரசுத் தலைவர் எந்த நாட்டை, எந்த அமைப்பை, எந்த நபரைத் தீர்மானிக்கிறாரோ, அவர்கள்மீது தேவையான, பொருத்தமான படைபலம் அனைத்தையும் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். எந்த நாடு என்ற பெயர் அதில் இல்லை. எந்தத் தேதியோடு முடியும் என்பதும் இல்லை. யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பவரும் படையை ஏவுபவரும் ஒருவரே.

என் தந்தையார் கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர் என்று பழைய காணொளிகளில் சொல்லியிருக்கிறேன். தொகை எழுதாத புரோநோட்டில் தெய்வமே வந்து கேட்டாலும் கையெழுத்துப் போடாதே என்பது அவர் எங்களுக்குச் சொல்லி வளர்த்தது. லீயும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். போரை அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் காங்கிரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதை எழுதாத பத்திரமாக மடித்து வேறொருவர் சட்டைப்பையில் வைக்கக் கூடாது என்பதே அவருடைய வாதம். வாக்களித்த சில நாள்களில் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையில் 1964ஆம் ஆண்டு டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தை அவர் நினைவூட்டினார். அது பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0 என்றும் செனட்டில் 88க்கு 2 என்றும் நிறைவேறி, வியட்நாம் போருக்கு வாசலைத் திறந்துவிட்டது.

ஒன்றை விட்டுவிட்டேன், சற்றுப் பின்னால் செல்கிறேன். அன்று பகலில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் வாக்கெடுப்புக்குத் தாவிவிட்டேன். வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் இறந்தவர்களுக்கான வழிபாடு நடந்தது. அதற்குப் போவதாக அவருக்கு எண்ணமில்லை. கடைசி நேரத்தில் மனம் மாறி, கையில் ஒரு இஞ்சிச் சோடாக் குவளையுடன் ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறியதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அங்கே மதகுரு ஒருவர், நாம் செயலில் இறங்கும்போது எந்தத் தீமைக்காக வருந்துகிறோமோ அந்தத் தீமையாகவே மாறிவிடாதிருப்போமாக என்று வேண்டினார். அந்த வாசகத்தையே லீ அவையில் எடுத்துச் சொன்னார். அவருடைய அலுவலகத் தலைமை அலுவலரின் உறவினர் ஒருவர் செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டுப் பென்சில்வேனியாவில் விழுந்த 93ஆம் எண் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்து இறந்தவர். ஆகவே துக்கம் தெரியாத ஒருவர் தொலைவில் நின்று உபதேசித்தார் என்று எவரும் சொல்ல முடியாது. வாக்கை மாற்றிக்கொள்ளுமாறு நண்பர்கள் மன்றாடினார்கள்; பிறகு கொலை மிரட்டல்கள் வந்தன; காவலர் துணையில்லாமல் நடமாட முடியாத நிலை சில காலம் இருந்தது. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றிய அவருடைய தந்தையார் மகளின் பக்கம் நின்றார்.

இப்போது இந்த வாரத்தில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். அதே செப்டம்பர் 14 அன்று அதே அவையில் இன்னொரு வாக்கெடுப்பும் நடந்தது: தாக்குதலுக்குப் பிந்தைய மீட்புப் பணிக்கும் பாதுகாப்புக்கும் 40 பில்லியன் டாலர் அவசர நிதி ஒதுக்கும் மசோதா. முடிவு 422க்கு 0. இல்லை என்னும் பத்தி காலி. போர் அதிகாரம் கேட்டபோது தனியாக மறுத்தவர், பணம் கேட்டபோது எல்லோருடனும் சேர்ந்து நின்றார். இந்த ஆம் என்ற வாக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த இல்லை எதை மறுத்தது என்பது துலங்கும். குறுங்காணொளி செய்பவர்கள் இதை ஏன் ஒருபோதும் காட்டுவதில்லை? இது கதையின் விறுவிறுப்பைக் குறைத்துவிடும் என்பது என் ஐயம்.

எப்போதும் இல்லை என்று சொல்வதே இந்த அம்மையாரின் வழக்கம் என்று என் கருத்துப் பெட்டியில் முன்பே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் கணக்கு இருக்கிறது. 2001 அக்டோபரில் கண்காணிப்பு அதிகாரங்களை விரித்த பேட்ரியாட் சட்டம் 357க்கு 66 என்று நிறைவேறியது. அந்த 66இல் லீ உண்டு. 2002 அக்டோபரில் ஈராக் போர்த் தீர்மானம் 296க்கு 133. அங்கும் அவர் மறுத்தார், ஆனால் இப்போது தனியாக இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் வழியாகவே செல்ல வேண்டும் என்று அவர் முன்வைத்த மாற்றுத் திருத்தம் 72க்கு 355 என்று தோற்றது. 2020இல் பாதுகாப்புச் செலவைப் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும் என்று சக உறுப்பினர் ஒருவருடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த திருத்தம் 93க்கு 324 என்று மண்ணைக் கவ்வியது. ஆனால் ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கொண்டுசேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்; அதில் கையெழுத்திட்டவர், அவர் போர் அதிகாரம் தர மறுத்த அதே ஜார்ஜ் புஷ்.

ஓர் உறுப்பினரை எடைபோட எனக்கென்று ஓர் அளவுகோல் உண்டு என்பதைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் அறிவீர்கள்: தன் கட்சிக்காரர் ஆட்சியில் இருக்கும்போது அவர் என்ன பேசினார்? பலர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். தன் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் ஒபாமாவை லீ தொடக்கத்திலிருந்தே ஆதரித்தவர். அப்படியிருந்தும் 2009இல் ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படை அனுப்பப் பணம் தரக் கூடாது என்று மசோதா கொண்டுவந்தார். 2013இல் சிரியாமீது தாக்குதல் நடத்துவதற்கு முன் காங்கிரசில் விவாதம் வேண்டும் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களைத் திரட்டிக் கடிதம் எழுதினார். 2014இல் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின்மீது குண்டு வீசவும் அதே 60 சொற்களைத்தான் ஒபாமா அரசு சட்ட ஆதாரமாகக் காட்டியது. 2001இல் அந்த அமைப்பு அப்பெயரில் இருக்கவே இல்லை. காங்கிரசின் ஆய்வுப் பிரிவு 2016இல் எண்ணிப் பார்த்தபோது, அந்தத் தீர்மானம் 14 நாடுகளில் 37 தடவை ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது.

அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாக்குகளில் காட்டிய கண்டிப்பைப் பேச்சில் அவர் எப்போதும் காட்டவில்லை. 2016இல் ஃபிடல் காஸ்ட்ரோ இறந்தபோது, சற்று நின்று அவருடைய மறைவுக்குத் துக்கம் அனுசரிக்க வேண்டும் என்னும் பொருளில் அவர் பேசியது எனக்கு அறவே பிடிக்கவில்லை. கேள்வி கேட்டவர்களைச் சிறையில் வைத்த ஓர் ஆட்சியாளருக்கு அந்த இரக்கம் மிகை. கியூபா மீதான வணிகத் தடையை எதிர்ப்பது ஒன்று, அதன் தலைவருக்காக உருகுவது வேறு. வாக்காளர்களும் எல்லாவற்றுக்கும் பரிசு கொடுத்துவிடவில்லை: 2024இல் கலிபோர்னியாவின் செனட் இடத்துக்கான முதற்கட்டத் தேர்தலில் அவர் நான்காவதாக வந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் எங்கள் ஊர்ச் சிறப்புத் தேர்தலில் வென்று மேயரானார்.

கடைசியாக, 2021 ஜூன் 17. ஈராக் போருக்காக 2002இல் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறும் அவருடைய மசோதா பிரதிநிதிகள் சபையில் 268க்கு 161 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் 49 பேர் அவருடன் நின்றார்கள். ஆனால் எனக்கு அதைவிடச் சுவையான நாள் 2017 ஜூன் 29. அன்று நிதி ஒதுக்கீட்டுக் குழுவில், அந்த 60 சொற்களையே எட்டு மாதத்தில் காலாவதியாக்கும் திருத்தத்தை அவர் கொண்டுவந்தார். இரு கட்சி உறுப்பினர்களும் ஆம் என்று குரல் கொடுத்தார்கள். அறையில் கைதட்டல் எழுந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அந்த வெற்றி சில வாரங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. மசோதா முழு அவைக்கு வருவதற்குள் திருத்தத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலையும் அச்சிட்டு, 420க்கு 1 பக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம் என்று ஆசையாகத் தேடினேன். குரல் வாக்கெடுப்பு என்பதால் யார் ஆம் என்றார்கள், யார் இல்லை என்றார்கள் என்ற பெயர்ப் பட்டியலே கிடையாது. எனவே அந்த 35 சென்ட் எனக்கு மிச்சம். வரவுசெலவுத் திட்டத்தை அடுத்த வாரம் கட்டாயம் வாசிக்கிறேன். அது 35 சென்ட்டில் முடியாது.