காய்க்கேற்ற கைவண்ணம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

குளிர்காலக் காய்களுக்குச் சுவை கூட்டுவது பழகிய பக்குவமா, புதிய கைவண்ணமா என்னும் இன்றைய தலைப்பில், புதிய கைவண்ணமே என்று வாதாட வந்திருக்கிறேன். தலைமுறைகளாகச் செய்து தேறிய பொரியலும் கூட்டும் சாம்பாரும் இருக்கையில் புதுமுயற்சி எதற்கு, காய்தானே வீணாகும் என்று எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் கேட்டார்.

அவர் பெருமையோடு எடுத்துக்காட்டிய முட்டைகோஸ் பொரியலையே பார்ப்போம். முட்டைகோஸ் ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்த காய். காலிஃபிளவரோ இங்கிலாந்திலிருந்து 1822இல்தான் இந்தியாவுக்கு வந்தது. முன்பின் பழகாத அந்தக் காய்களை வாங்கி, கடுகு உளுத்தம்பருப்பு தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி முதன்முதலாக இறக்கிய கைகள் புதுமை செய்த கைகள் அல்லவா?

நம் சிங்கப்பூரில் குளிர்காலமே கிடையாது. உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் இது. வெளியே பருவமழை கொட்டும் மாதங்களில், வேறொரு நாட்டுக் குளிரில் விளைந்த கேரட் நம் சந்தைக்கு வந்து சேர்கிறது. குளிர் மிகும்போது அந்தச் செடி தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றி, உயிரணுவிலுள்ள நீர் எளிதில் உறையாதபடி காத்துக்கொள்கிறது. குளிரில் நின்ற கேரட் கூடுதலாக இனிப்பது அதனால்தான். அந்த இனிப்பைப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டுக் கரைப்பது எனக்குச் சம்மதமில்லை. சிறிது எண்ணெயில் சுட்டெடுத்து, வறுத்த சீரகமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தாலே போதும்.

காலிஃபிளவரை நெடுநேரம் வேகவைத்தால் கந்தகச் சேர்மங்கள் வெளிப்பட்டு வாடை மிகும். மாறாக, பூவைத் தண்டோடு சேர்த்து விரல் தடிமனுக்கு வில்லைகளாக அரிந்து, ஈரம் போகத் துடைத்து, நன்கு காய்ந்த இரும்புச் சட்டியில் கிளறாமல் விட்டுவிடுங்கள். அடிப்புறம் பழுப்பேறி முந்திரி வறுபடுவதுபோல் மணம் எழும்போது திருப்பிப்போட்டு, மிளகும் வேர்க்கடலைப் பொடியும் தூவுங்கள். வழக்கமாகக் குப்பைக்குப் போகும் தண்டும் இதில் உணவாகிறது. காய் வீணாகும் என்ற நண்பருக்கு இதுவே என் விடை.

முள்ளங்கிக்கு நம் உணவங்காடி நிலையமே பாடம் சொல்கிறது. சீனர்களில் ஒரு பிரிவினரான தியோச்சியூ மக்கள் வெள்ளை முள்ளங்கியைத் துருவி, அரிசிமாவோடு கலந்து ஆவியில் வேகவைத்து, துண்டுகளாக்கி முட்டையோடு வறுக்கிறார்கள். அரிசிமாவும் ஆவியும் இட்லி சுடும் நமக்கு அந்நியமா? அந்தத் துண்டுகளைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, இட்லிப்பொடி தூவிப் புரட்டினால், முள்ளங்கிச் சாம்பாரை ஒதுக்கும் பிள்ளைகளும் கேட்டு வாங்கி உண்பார்கள்.

பொங்கல் நாளில் மொச்சையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேர்ந்த கூட்டை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. தமிழ் மண்ணில் விளையும் காய்களுக்கு அந்த மண்ணிலேயே பிறந்த பக்குவம் அது. கடல்கடந்து நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறைக்கு வரும் காய்களுக்கும் அதே உரிமையை வழங்க வேண்டும் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை. நடுவர் அவர்கள் அதன்வழி தீர்ப்பளிக்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி.