வெற்றிலை காய்கறியா?

வணக்கம். வெற்றிலையைக் காய்கறி என்று சொல்வீர்களா? சிரிக்காதீர்கள். 1961-இல் நம் உச்ச நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன கேள்வி இது. சட்டத்தில் வரும் ஒரு சொல்லுக்கு எப்படிப் பொருள் காண்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

அன்றைய மத்திய மாகாணம், பேரார் பகுதிக்கு 1947-இல் ஒரு விற்பனை வரிச் சட்டம் வந்தது. எதற்கெல்லாம் வரி கிடையாது என்று அதன் பின்னால் ஓர் அட்டவணை. அதில் காய்கறி ஓரிடத்தில் இருந்தது, வெற்றிலை தனியாக வேறோரிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே ஒரு திருத்தம் கொண்டுவந்து, வெற்றிலை என்று எழுதியிருந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்த வரி போனது, வெற்றிலைக்கு வரி வந்தது!

அந்தப் பகுதியில் அகோலா என்ற ஊரின் வெற்றிலை வியாபாரி விடுவாரா? சட்டம் இருந்தது ஆங்கிலத்தில். அதில் உள்ள சொல் ‘வெஜிடபிள்’. அகராதியைப் புரட்டினால் செடி, கொடி எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வரும். அப்படியானால் வெற்றிலையும் வெஜிடபிள்தானே, எனக்கும் விலக்குக் கொடுங்கள் என்றார். தமிழில் எழுதிய சட்டமாக இருந்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது. காய் என்றும் கறி என்றும் பேரிலேயே இருக்கிறதே!

நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. தாவரவியல் என்ன சொல்கிறது என்பது இங்கே பேச்சில்லை. அன்றாடம் வாங்கி விற்கிறவர்கள் எதைக் காய்கறி என்கிறார்களோ அதுதான் காய்கறி, தோட்டத்தில் விளைந்து சாப்பாட்டுக்கு வருவது என்றது. அப்புறம் இன்னொன்றையும் கவனித்தது: இரண்டும் ஒன்றுதான் என்றால் அட்டவணையில் எதற்காக இரண்டு இடம்? எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் ரொம்பப் பிடிக்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

அமெரிக்காவில் 1893-இல் இதே கதை தக்காளிக்கு. இறக்குமதியில் காய்கறிக்குத் தீர்வை உண்டு, பழத்துக்கு இல்லை. தக்காளி பழம்தான், தாவரவியலில் சந்தேகமே இல்லை. ஆனால் அது சாப்பாட்டோடு வருகிறது, சாப்பிட்டு முடித்தபின் வருவதில்லை, ஆகவே காய்கறி என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கேயும் அகராதிகளை வாசித்துக் காட்டினார்கள். அங்கேயும் கடைத்தெருதான் ஜெயித்தது.

சரி, எப்போதும் கடைத்தெருவா? இல்லை. நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சொல்லுக்காக மூன்று அகராதிகளைச் சுமந்துகொண்டு சீனியரிடம் போய் நின்றேன். அவர் எதையும் திறக்கவில்லை. “பிரிவு இரண்டைப் பார்த்தாயா தம்பி?” என்றார். பார்க்கவில்லை. பல சட்டங்களில் அங்கேதான் பொருள் வரையறை இருக்கும். சட்டமே பொருள் சொல்லியிருந்தால் அகராதிக்கும் வேலையில்லை, கடைத்தெருவுக்கும் வேலையில்லை. மூன்று அகராதிகளையும் அப்படியே திருப்பிச் சுமந்தேன்.

அந்த வரையறையிலும் ஒரு சூட்சுமம். ‘இந்தச் சொல் இன்னதைக் குறிக்கும்’ என்று எழுதியிருந்தால் பொதுவாகக் கதவு சாத்தியாயிற்று, அதற்கு மேல் எதுவும் உள்ளே வராது. ‘இன்னதையும் உள்ளடக்கும்’ என்று இருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. சொல்லின் வழக்கமான பொருளும் இருக்கும், கூடுதலாகச் சொன்னதும் சேரும். ஒரு ‘உம்’தான். எத்தனையோ வழக்குகள் அந்த உம்மில் தொங்கியிருக்கின்றன.

சட்டங்களில் வரும் ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் விரிவாகப் பேச வந்தேன். வெற்றிலை நேரத்தைத் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். பல சட்டங்களில் வரும் பொதுவான சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டப்படி, நேர்மையாகச் செய்திருந்தால் போதும், கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணம்தான். 1860-இன் தண்டனைச் சட்டத்தில், உரிய கவனம் இல்லாமல் செய்தது நல்லெண்ணமே ஆகாது. அதன் இடத்துக்கு வந்திருக்கும் நியாய சன்ஹிதாவிலும் அப்படியே. ஒரே ஆள், ஒரே செயல். ஒரு சட்டத்தில் நல்லெண்ணம், இன்னொன்றில் இல்லை. ஆகவே எந்தச் சட்டம் என்று கேட்காமல் பொருள் சொல்லாதீர்கள்... நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். வணக்கம்.