இரண்டு முறை திறக்கப்படும் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

பகடை, பென்சில், கொஞ்சம் காகிதம், நான்கைந்து நண்பர்கள். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடமாடுகிறார்கள். "கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியது ஆட்டத்தை நடத்துபவரின் வேலை. அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். கதவு திறந்ததா இல்லையா என்பதைச் சில நேரம் பகடை முடிவு செய்யும். டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகளாக வெளிவந்தது. அதில் விதிகள் இருந்தன. விளையாடுவதற்கு ஊர் ஏதும் இல்லை. 1975-லேயே, அந்த விதிகளோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்கான துணைநூல்கள் வந்துவிட்டன. முதலாவது 'கிரேஹாக்'. கைகாக்ஸ் தன் நண்பர்களோடு விளையாடிய நகரத்தின் பெயர் அது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அந்த நகரத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. திருடன் என்ற புதிய பாத்திர வகை, புதிய மந்திரங்கள், புதிய அரக்கர்கள் என்று முழுக்க விதிகள்தான். இரண்டாவது, ஆர்னசனின் 'பிளாக்மூர்'. அதிலும் விதிகள் உண்டு. ஆனால் நடுவில் தவளைக் கோயில் என்று ஓர் இடத்தை வரைபடத்தோடு, யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தோடு கொடுத்திருந்தார். சாகசம் என்றால், நடத்துபவர் எடுத்து நடத்தத் தயாராக எழுதிவைத்த இடமும் கதையும். இந்த ஆட்டத்துக்காக அச்சான முதல் சாகசம் அதுதான். ஆக, மேசையில் எடுத்தாள்கிற பயன்பாடா, உலகத்தைக் காட்டுகிற கற்பனையா என்ற இழுபறி முதல் இரண்டு துணைநூல்களிலேயே தொடங்கிவிட்டது.

இப்படி ஒரு துணைநூல் எழுத உட்காருபவர் எதை எவ்வளவு வைப்பது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

பாதிக்குப் பாதி என்று அளந்து போடுகிற விஷயமாக நான் இதைப் பார்க்கவில்லை. இந்தப் புத்தகத்தை ஆட்டத்தை நடத்தும் ஒரே ஆள் இரண்டு வேறு நேரங்களில் திறக்கிறார். முதல் முறை இரவில், படுக்கையில், யாரும் அவசரப்படுத்தாதபோது. அப்போது அவருக்கு அந்த உலகத்தின் மேல் ஆசை வர வேண்டும். 'இதை நம் ஆட்களை வைத்து நடத்தியே ஆக வேண்டும்' என்று தோன்ற வேண்டும். இரண்டாம் முறை ஆட்ட மேசையில். நான்கு பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி "அந்தப் படகோட்டியின் பெயர் என்ன?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அப்போது ஆறு பத்தி வர்ணனைக்குள் பெயரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கல்யாணப் பந்தியை மேற்பார்க்கிறவர் கையிலுள்ள சீட்டைப் போல, பார்த்த மாத்திரத்தில் கண்ணில் பட வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: படுக்கைக்கு உரிய பக்கத்தை மேசைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்: "இந்தச் சத்திரம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் போருக்குப் பின், வடக்கிலிருந்து வந்த குடியேறிகளால் கட்டப்பட்டது. இதன் தூண்கள் பழமையின் கம்பீரத்தை உணர்த்துகின்றன." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விளையாடுபவர் உள்ளே வந்து உட்கார்ந்தால் இதை வைத்து என்ன செய்வது? தூணைப் பார்த்துவிட்டுச் சோறு கேட்பார், அவ்வளவுதான்.

இப்படியும் எழுதலாம்: "சத்திரக்காரி மாரா. வலது கையில் இரண்டு விரல் இல்லை. ஆற்றைத் தாண்டிப் போன மகனைப் பற்றிச் சேதி கொண்டுவருபவருக்கு ஒரு மாதம் சோறு இலவசம். அவன் ஏன் போனான் என்று கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவாள்." நான்கே வாக்கியம். ஒரு பெயர், கண்ணில் நிற்கும் ஓர் அடையாளம், ஒரு வேலை, ஒரு ரகசியம். இதில் கற்பனை எங்கே முடிகிறது, பயன்பாடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. முந்நூறு ஆண்டு வரலாறு வேண்டுமென்றால், ஆட்டக்காரர்கள் தடுக்கி விழும் ஒரு பொருளில் அதை வையுங்கள். தரைக்கல்லைப் பெயர்த்தால் கீழே வடக்கத்திய வாள் இருக்கட்டும்.

எதிர்ப்பக்கத்துக் குறையும் உண்டு. கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்', தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டதால் ஏராளமானவர்களுக்கு முதல் சாகசமாக அமைந்தது. அதில் ஒரு கோட்டை இருக்கிறது. கொல்லன், வங்கிக்காரர், பூசாரி என்று கோட்டைக்குள் இருப்பவர்களிடம் என்ன ஆயுதம், எவ்வளவு பொற்காசு என்பதுவரை குறிப்பு உண்டு. ஒருவருக்கும் பெயர் கிடையாது! நடத்துபவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். மேசையில் உட்கார்ந்தபடி திடீரென்று கண்டுபிடிக்கக் கடினமானது பெயர்தான். பொற்காசுக் கணக்கை யார் வேண்டுமானாலும் அந்த நேரத்தில் அடித்துவிடலாம். 1978-இல் மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்' இதைவிடத் தெளிவாக யோசித்தது. அறைகளை வர்ணித்துவிட்டு, அரக்கர்களுக்கும் புதையலுக்கும் தனியாகப் பட்டியல் கொடுத்து, எதை எங்கே வைப்பது என்பதைப் புதிதாக நடத்துபவரிடமே விட்டது. காலி இடம் இருந்தாலும் அதை நிரப்பச் சாமான் பக்கத்திலேயே இருந்தது.

சரி, வெறும் எண்களால் கற்பனையைத் தூண்ட முடியுமா? முடியும். 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விண்வெளி ஆட்டத்தில் ஒரு கிரகத்தை ஒற்றை வரிச் சங்கேதத்தில் எழுதிவிடுவார்கள். விண்துறைமுகத்தின் தரம், கிரகத்தின் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, அரசு, சட்டத்தின் கெடுபிடி, தொழில்நுட்ப நிலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அல்லது எண். 1979-இல் வந்த 'ஸ்பின்வர்ட் மார்ச்சஸ்' துணைநூலில் நானூறுக்கும் மேற்பட்ட உலகங்கள் இப்படித்தான் வரிசையாக நிற்கின்றன. பார்த்தால் ரயில்வே கால அட்டவணை மாதிரி வறட்சியாக இருக்கும். ஆனால் இந்த எண்கள் பகடையிலிருந்து பிறப்பதால் ஒன்றோடொன்று முரண்படும். காற்றே இல்லாத கிரகத்தில் நூறு கோடிக்கு மேல் ஜனங்கள், தொழில்நுட்பமோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த அளவு, என்று ஒரு வரி வந்து விழும். அப்படியென்றால் இவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள்? காற்றை விற்பவன் யார்? விலையை ஏற்றினால் என்ன ஆகும்? பாருங்கள், ஒரு வரி எண்ணிலிருந்து ஒரு மாத ஆட்டத்துக்கான கதை கிடைத்துவிட்டது. எழுதியவர் ஒரு உவமைகூடச் செலவழிக்கவில்லை.

அதே 1979-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்' வேறொரு வழியில் போனது. 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்துக்கான துணைநூல் அது. ஸ்டீவ் பெரினும் கிரெக் ஸ்டாஃபோர்டும் எழுதியது. ஒவ்வொரு தெய்வத்தின் வழிபாட்டுக் கூட்டத்துக்கும் விதிகள்: யார் சேரலாம், என்ன காணிக்கை, என்ன மந்திரம் கிடைக்கும் என்று. இதற்கிடையே பிட்டூரியன் வரோஷ் என்ற வியாபாரியின் பயணக் குறிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் அவன் அந்தந்தக் கூட்டத்து ஆட்களோடு பேரம் பேசுகிறான், மாட்டிக்கொள்கிறான், தப்பிக்கிறான். விதியில் வறண்டு கிடந்த ஒரு நிபந்தனை, ஒரு மனிதன் நடந்துகொள்ளும் விதமாகக் கதையில் தெரிகிறது. நடத்துபவருக்கு அது நடிப்புப் பயிற்சி மாதிரி. இதைப் பார்த்துப் பின்னால் எத்தனையோ துணைநூல்கள் அத்தியாயத்துக்கு ஒரு சிறுகதையை ஒட்டவைத்தன; பெரும்பாலானவற்றைப் படிக்காமல் தாண்டிவிடலாம். பக்கத்திலுள்ள விதிக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது.

இரண்டு தேவையையும் ஒரே பக்கத்தில் தீர்த்தது என்று நான் யாரிடமும் எடுத்துக் காட்டுவது டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதி 1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' என்ற சாகசம். இரத்தம் குடிக்கும் பிரபு ஸ்டிராட், அவனுடைய கோட்டை. உள்ளே நுழைவதற்கு முன் குறிசொல்லும் கிழவி ஒருத்தி ஆட்டக்காரர்களுக்குச் சீட்டு எடுத்துப் பலன் சொல்கிறாள். நிஜமாகவே மேசையில் சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்து எடுக்க வேண்டும். எந்தச் சீட்டு வருகிறதோ அதைப் பொறுத்து, ஸ்டிராடை வீழ்த்த உதவும் வாள் எந்த அறையில், அவனுடைய நாட்குறிப்பு எங்கே, அவன் எங்கே காத்திருப்பான், அவனுடைய நோக்கம் என்ன என்பதெல்லாம் மாறிவிடும். ஆட்டக்காரர்களுக்கு அது முதுகு சில்லிடும் காட்சி. நடத்துபவருக்கோ அன்றைய ஆட்டத்தை அடுக்கிவைக்கும் கருவி. அடுத்த வருடம் வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்' என்ற துப்பறியும் சாகசம், கடிதம், செய்தித்தாள் துணுக்கு, ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் பெயர் போட்ட தீப்பெட்டி என்று கையில் கொடுக்கும் பொருட்களாகவே துப்புகளைத் தந்தது. "உங்களுக்கு ஒரு தீப்பெட்டி கிடைக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கையில் வைத்தால், வர்ணனைக்கு வேலையே இல்லை.

ஒரே புத்தகத்தில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரித்துவிடலாம். ஜேக்கப் ஹர்ஸ்ட் 'ஹாட் ஸ்பிரிங்ஸ் ஐலண்ட்' என்ற தீவுக்கு அப்படித்தான் செய்தார். நடத்துபவருக்கு ஒரு நூல். ஆட்டக்காரர்களுக்குத் தீவின் செடிகொடி, விலங்குகள் பற்றி அந்த உலகத்திலேயே எழுதப்பட்டதுபோல் ஒரு கையேடு. கதாபாத்திரம் காட்டில் நிற்கும்போது ஆட்டக்காரரும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அப்புறம், பகடை அட்டவணைகள். நூறு வரி அட்டவணை போட எல்லோருக்கும் ஆசை. முப்பதாவது வரியில் சரக்கு தீர்ந்துவிடும், மீதி எழுபதும் ஒப்பேற்றல். ஒரு சாகசத்தில் அந்த அட்டவணையை ஐந்து முறை உருட்டினால் தொண்ணூற்றைந்து வரிகளாவது வெளியே வராது. இருபது வரி போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். "காட்டுப்பன்றி" என்று போடுவதைவிட "கழுத்தில் கோயில் மணி கட்டிய காட்டுப்பன்றி, யாரையோ பின்தொடர்கிறது" என்று போடுங்கள். இரண்டு ஆறுமுகப் பகடையைச் சேர்த்து உருட்டும் அட்டவணையானால் இன்னொரு கணக்கு உண்டு. ஏழு வருவதற்கு 36-இல் 6 வாய்ப்பு. பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஊரின் அன்றாடம் ஏழில் இருக்கட்டும். உங்களிடமுள்ள மிகச் சிறந்த யோசனையைப் பன்னிரண்டில் வைத்தால் ஒருவேளை யாருமே அதைப் பார்க்க மாட்டார்கள். அதை எல்லோரும் கடந்தே தீர வேண்டிய அறையில் வைத்துவிடுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. உரிய முறையில் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் அதை வைத்துத் துணைநூல் எழுதலாம், விற்கலாம். தமிழிலும் எழுதலாம். தொடங்குகிறவர்கள் ஓர் உலகத்தை எழுதப் போகாதீர்கள். எதிரெதிர் இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஒரு கிராமம் போதும். எழுதி முடித்ததும் நீங்கள் நடத்தாதீர்கள். உங்கள் தலைக்குள் இருக்கும் உலகத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து, அவர் எந்த இடத்தில் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது அந்த இடங்களைத்தான். அவர் உங்கள் புத்தகத்தில் இல்லாத எதையாவது சுயமாகச் சொல்லி மேசையே சிரித்தால், அதையும் எழுதிவையுங்கள். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.