லெட்ஜரை எப்போது மூடுவது?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிறுவனம் மாறும்போது எப்படி முடிவெடுப்பது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெரிய மாற்றம் கம்ப்யூட்டர் வந்ததுதான்.

1993-ல் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் ஆன பிறகு கம்ப்யூட்டர் வேகமாக உள்ளே வந்தது. எங்கள் கிளைக்கும் வந்தது. கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும் என்றார்கள், அதாவது அதே வரவு செலவைக் கையால் எழுதும் பெரிய கணக்குப் புத்தகமான லெட்ஜரிலும் எழுத வேண்டும், கம்ப்யூட்டரிலும் போட வேண்டும், சாயங்காலம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அதை யாரும் சொல்லவில்லை. அங்கேதான் வினை.

மாதக்கணக்கில் ஓடியது. ஒருநாள் ராத்திரி எட்டரை மணி, 63 ரூபாய் இடிக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய ஆட்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டர்தான் தப்பு என்று அதில் போட்ட சீட்டுகளையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். கடைசியில் பார்த்தால் 81 ரூபாயை 18 என்று எழுதியிருந்தது லெட்ஜரில்!

அப்போது எங்கள் மூத்த கிளார்க் சொன்னார், "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடா இருக்கு சார் நம்ம பாடு." (ரேடியோவில் சொல்லலாமோ என்னவோ.) அவரே ஒரு வழியும் சொன்னார். எல்லாவற்றையும் மூட வேண்டாம், சேமிப்புக் கணக்கில் முதல் மூன்று லெட்ஜரை மட்டும் ஒரு மாதம் எழுதாமல் விடுவோம், தினமும் கணக்குகளின் இருப்புப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்து வைப்போம், சரிப்படவில்லை என்றால் அதைப் பார்த்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். தேதியையும் காலண்டரில் வட்டம் போட்டார். மேனேஜர் பயந்துகொண்டேதான் சரி என்றார். மறுநாளே மூன்று பேர் ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள்.

இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், வீட்டில் சலித்துவிட்டார்கள். வளைந்து கொடுப்பது என்றால் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே இருப்பது என்று நினைக்கிறோம். அது முடிவெடுக்கப் பயந்து இழுத்தடிப்பது. திரும்பி வர வழியுள்ள முடிவை, மறுபடி பார்க்கும் நாளையும் குறித்துவிட்டு, உடனே எடுத்துவிடலாம். லெட்ஜரை மூடுவது வேறு, எடைக்குப் போடுவது வேறு. மூடினதை நாளைக்கே திறக்கலாம். எடைக்குப் போட்டது போனது போனதுதான், அதற்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசியுங்கள்.

அப்புறம் வங்கி இணைப்பைப் பற்றிப் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1-ல், ஊரடங்குக்கு நடுவே, பத்து அரசு வங்கிகள் நான்காயின. இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி சேர்ந்தது அன்றைக்குத்தான், ஆனால் கம்ப்யூட்டர்கள் சேர்ந்தது 2021 பிப்ரவரியில். அவ்வளவு நாள் ஏன் பொறுத்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை, கணக்கு ஒத்துப்போக வேண்டுமே, அந்த 63 ரூபாயை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் யாராவது இணைந்துபோன வங்கியின் பழைய செக் புத்தகத்தை வைத்திருந்தால் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வணக்கம்.